நியூட்ரல் அறுந்தாலும் வீட்டுச் சாமான் தப்ப: 3 ஃபேஸ் வீட்டில் ஓவர்வோல்டேஜ் ரிலே பொருத்துவது எப்படி?

ஒரே இரவில் டிவி, ஃபிரிட்ஜ், வைஃபை ரூட்டர், நாலைந்து எல்.இ.டி. பல்பு எல்லாம் சேர்ந்து கருகிவிட்டது என்று யாராவது சொன்னால், இடி விழுந்ததா என்று கேட்பதற்கு முன்னால் நியூட்ரல் போனதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 3 ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீடு, கடை, சின்னப் பட்டறை எல்லாவற்றுக்கும் பெரிய ஆபத்து அதுதான். அதைத் தடுக்கச் செலவு அதிகம் இல்லை. வோல்டேஜ் ஏறுவதைக் கவனிக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலே ஒன்று, அது சொன்னதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் ஒன்று, அரை நாள் வேலை. ஆனால் தவறான ரிலேயை வாங்கினாலும், சரியான ரிலேயைத் தவறான இடத்தில் இணைத்தாலும், பச்சை விளக்கு மட்டும் அழகாக எரியும், பாதுகாப்பு இருக்காது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

வீட்டுக்காரர்களுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒயர்மேன்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வீட்டுக்காரர் தானே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம். லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். ஆனால் அவர் செய்வது சரியா என்று பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

நியூட்ரல் போனால் என்ன நடக்கிறது

ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸில் உள்ள சாமானும் தன் 230 வோல்ட்டோடு தனித்தனியாக ஓடும். கம்பத்தில் ஜம்பர் (இணைப்புக் கம்பி) கழன்றோ, மெயின் சுவிட்சில் ஸ்க்ரூ லூசாகிக் கருகியோ நியூட்ரல் விட்டுப்போனால், ஆர் ஃபேஸ் சாமானும் ஒய் ஃபேஸ் சாமானும் ஒன்றன்பின் ஒன்றாக 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர் ஃபேஸில் 100 வாட் சாமான், ஒய் ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், பி ஃபேஸில் எதுவும் ஓடவில்லை. 100 வாட் சாமானின் மின்தடை 529 ஓம், அயர்ன் பாக்ஸுக்கு சுமார் 53 ஓம். 400 வோல்ட்டை இவை இரண்டும் மின்தடைக்கு ஏற்றபடி பங்கு போட்டுக்கொள்ளும். அயர்ன் பாக்ஸுக்கு 36 வோல்ட், 100 வாட் சாமானுக்கு 364 வோல்ட். அதாவது குறைவாக மின்சாரம் எடுக்கும் சாமானுக்குத்தான் அடி அதிகம். டிவி, சார்ஜர், எல்.இ.டி. எல்லாம் அந்த ரகம்தான். அவற்றின் உள்ளே 230 வோல்ட் ஏ.சி. திருத்தப்பட்டு 325 வோல்ட் டி.சி. ஆகி ஒரு கெப்பாசிட்டரில் உட்காரும். அந்தக் கெப்பாசிட்டரின் மேலேயே 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். 364 வோல்ட் ஏ.சி. வந்தால் உள்ளே 515 வோல்ட் ஏறும். கெப்பாசிட்டர் வெடிக்கும்.

சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்காரர்களுக்கு இதில் பாதி நிம்மதி. அவர்கள் சர்வீஸ் ஒயரின் நியூட்ரல் மட்டும் அறுந்தால் கரண்ட் போய்விடும், அவ்வளவுதான். ஆனால் தெருவுக்கு வரும் மெயின் நியூட்ரலோ டிரான்ஸ்ஃபார்மர் அருகில் உள்ள நியூட்ரலோ போனால், தெருவே ஒரு 3 ஃபேஸ் வீடு மாதிரி ஆகிவிடும். அப்போது அவர்களுக்கும் இதே கதைதான்.

மற்ற பாதுகாப்பெல்லாம் ஏன் போதாது

எம்.சி.பி. பார்ப்பது கரண்டை. மேலே சொன்ன உதாரணத்தில் ஓடுவது ஒரு ஆம்பியர்கூட இல்லை. அது எதற்கு ட்ரிப் ஆகப்போகிறது? இ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் ஆர்.சி.சி.பி. பார்ப்பது, போன கரண்ட் திரும்பி வந்ததா என்பதை. இங்கே ஒரு ஃபேஸில் போனது இன்னொரு ஃபேஸில் திரும்பி வந்துவிடுகிறது. அதுவும் சும்மா இருக்கும்.

இடி தாங்கியாக வைக்கும் எஸ்.பி.டி. வேறு ரகம். மைக்ரோ செகண்டுகளில் வந்து போகும் சர்ஜை அது வாங்கிக்கொள்ளும். நிமிடக்கணக்கில் நிற்கும் 360 வோல்ட்டை அதனால் தாங்க முடியாது, அதுவே சூடாகிப் போய்விடும். மறுபக்கம், ரிலேயால் இடியைப் பிடிக்க முடியாது. ரிலே முடிவெடுத்து, கான்டாக்டர் திறந்து மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள் சர்ஜ் வந்து வேலையை முடித்துப் போயிருக்கும். ஆகவே இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு இன்னொன்று மாற்று இல்லை. எஸ்.பி.டி. வாங்கும்போது அதன் தொடர் வோல்டேஜ் அளவு 275 என்று இருப்பதைவிட 320 அல்லது 385 என்று இருப்பது நம் ஊர் வோல்டேஜுக்கு நல்லது.

ரிலே எப்படி யோசிக்கிறது

ரிலே வோல்டேஜை அளந்துகொண்டே இருக்கும். நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தை ஓட விடும். நாம் கொடுத்த நேரம் முடிந்தும் வோல்டேஜ் இறங்கவில்லை என்றால் தன் கான்டாக்டை, அதாவது உள்ளே உள்ள சின்ன சுவிட்சைத் திறக்கும். வீட்டு லோடை ரிலே தானே துண்டிப்பதில்லை. அதன் கான்டாக்ட் பெரும்பாலும் 250 வோல்ட்டில் 5 ஆம்பியர் அளவுதான். சத்தம் போடும் வாட்ச்மேன் மாதிரி அது. கேட்டை இழுத்து மூடுவது கான்டாக்டரின் வேலை.

துணைமின் நிலையங்களிலும் தத்துவம் இதேதான். அங்கே ஓவர்வோல்டேஜ் ரிலேக்கு 59 என்று எண், அண்டர்வோல்டேஜுக்கு 27. பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 110 வோல்ட்டாக இறக்கி ரிலேக்குக் கொடுப்பார்கள். நீளமான 400 கிலோவோல்ட் லைனில் லோடு திடீரென்று போனால் லைனின் கடைசி முனையில் வோல்டேஜ் தானாக ஏறும். அதற்கு இரண்டு படி வைப்பது வழக்கம்: சுமார் 110 சதவீதம் தாண்டினால் சில விநாடி பொறுத்து ட்ரிப், 140 சதவீதத்தை நெருங்கினால் கிட்டத்தட்ட உடனே ட்ரிப். மீறல் சின்னதென்றால் பொறுமை, பெரியதென்றால் அவசரம். இந்தக் கொள்கையை மனதில் வையுங்கள். பின்னால் வீட்டு ரிலேயை செட் செய்யும்போது இதுதான் உதவும்.

படி 1: சரியான ரிலேயை வாங்குவது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். எலக்ட்ரிக்கல் கடையில் போய் "3 ஃபேஸ் வோல்டேஜ் ரிலே" என்று கேட்டால், கடைக்காரர் போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் போடும் எஸ்.பி.பி. (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் ரிலே) ரகத்தை எடுத்துக் கொடுக்க வாய்ப்பு அதிகம். நல்ல சாமான்தான், மோட்டாருக்கு. அதில் ஆர், ஒய், பி என்று மூன்று முனைதான் இருக்கும். அது அளப்பது ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் உள்ள வோல்டேஜை. நியூட்ரல் அறுந்தாலும் அந்த 400 வோல்ட் அப்படியே 400 வோல்ட்டாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் டிவி வெடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த ரிலே "எல்லாம் சரி" என்று பச்சை விளக்கு காட்டும்.

உங்களுக்கு வேண்டியது நான்கு முனை ரிலே: மூன்று ஃபேஸோடு "என்" என்று ஒரு நியூட்ரல் முனை. பெட்டியில் 3 ஃபேஸ் 4 ஒயர் என்று போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபேஸையும் நியூட்ரலோடு ஒப்பிட்டு அளக்கிறதா என்று அதோடு வரும் தாளில் பாருங்கள்.

அடுத்து பார்க்க வேண்டியது, ரிலே தானே எவ்வளவு வோல்ட் தாங்கும் என்பது. 280 வோல்ட்டில் செத்துப்போகிற ரிலே, 360 வோல்ட் வரும்போது உங்களைக் காப்பாற்றாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று தாளில் எழுதியிருப்பதையே எடுங்கள். மூன்றாவது, ட்ரிப் ஆகும் நேரத்தை நாம் மாற்ற முடிய வேண்டும். "5 விநாடி, மாற்ற முடியாது" என்று இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நாமே பட்டனை அமுக்கினால்தான் மறுபடி எழும் மேனுவல் ரீசெட் வசதி இருந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்கலாம். காரணம் கீழே வருகிறது.

படி 2: கான்டாக்டர்

மெயின் எம்.சி.பி. எத்தனை ஆம்பியரோ அதற்குக் குறையாத கான்டாக்டர் வேண்டும். கான்டாக்டரில் இரண்டு அளவு போட்டிருக்கும். ஏ.சி.-1 என்பது ஹீட்டர் போன்ற லோடுக்கு, ஏ.சி.-3 என்பது மோட்டாருக்கு. ஒரே கான்டாக்டரில் ஏ.சி.-1 எண் பெரிதாகவும் ஏ.சி.-3 எண் சிறிதாகவும் இருக்கும். வீட்டில் இரண்டும் கலந்து ஓடுவதால் சின்ன எண்ணைப் பார்த்து வாங்குவதே என் பழக்கம்.

மூன்று போல், அதாவது ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று சுவிட்ச் உள்ளது போதும். நான்கு போல் வாங்கி நியூட்ரலையும் அதன் வழியாகக் கொண்டுபோகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நான்காவது போலில் கார்பன் படிந்து தொடர்பு விட்டால், நாமே வீட்டுக்குள் நியூட்ரலை அறுத்துவிட்டது போல ஆகும். நியூட்ரல், மெயின் சுவிட்சிலிருந்து நியூட்ரல் லிங்குக்கு (வீட்டு நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டைக்கு) இடையில் எதுவும் இல்லாமல் உறுதியாக வரட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: மெயின் நியூட்ரல் வெளியே அறுந்திருக்கும்போது, ரிலே ட்ரிப் ஆன பிறகும் நியூட்ரல் கம்பியில் ஷாக் அடிக்கும் அளவு வோல்டேஜ் இருக்கலாம். நியூட்ரல்தானே என்று கை வைக்கக் கூடாது.

கான்டாக்டரை இழுத்து மூடும் காயிலை 230 வோல்ட் ரகமாக எடுங்கள். 415 வோல்ட் காயிலை இரண்டு ஃபேஸுக்கு நடுவே போட்டால் நியூட்ரல் போனாலும் அது பாதிக்காது என்பது உண்மைதான், ஆனால் ரிலேயின் கான்டாக்ட் 250 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும்.

சாதாரண கான்டாக்டர் லேசாக "ம்ம்ம்" என்று முனகும். படுக்கையறைச் சுவரில் மாட்டினால் இரவில் அந்தச் சத்தமே பெரிய தொந்தரவு. இருபத்துநாலு மணி நேரமும் காயில் இழுக்கும் மின்சாரத்தையும் சிலர் கேட்பார்கள். 5 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாத பில்லில் 7 யூனிட் வரும்.

படி 3: இணைப்பு

மீட்டருக்கு முன்னால் எதையும் தொடக் கூடாது. அது மின்வாரியத்தின் பகுதி. மீட்டர், மெயின் சுவிட்ச், மெயின் எம்.சி.பி., அதற்குப் பிறகு கான்டாக்டர், அப்புறம் வீட்டு எம்.சி.பி.க்கள் வரிசையாக இருக்கும் டி.பி. போர்டு. இதுதான் வரிசை. எஸ்.பி.டி. இருந்தால் அது கான்டாக்டருக்கு முன்னால், தன் சொந்த ஃபியூஸோடு.

மெயினை ஆஃப் செய்யுங்கள். மூன்று ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்பதை மல்டிமீட்டரில் பாருங்கள். டெஸ்டர் விளக்கை நம்ப வேண்டாம். ஆஃப் ஆகிவிட்டதாகத் தெரிந்தாலும், அதே மீட்டரை உயிருள்ள இடத்தில் ஒருமுறை வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று ஃபேஸும் கான்டாக்டரின் எல்1, எல்2, எல்3-ல் நுழைந்து, டி1, டி2, டி3 வழியாக டி.பி. போர்டுக்குப் போகட்டும். ரிலேயின் ஆர், ஒய், பி முனைகளுக்கு ஒயரை கான்டாக்டருக்கு முன்னால், 2 ஆம்பியர் எம்.சி.பி. வழியாக எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால், கான்டாக்டர் திறந்ததும் ரிலேக்கும் கரண்ட் போய், அது மறுபடி எழவே எழாது.

நியூட்ரல் விஷயம் நேர் எதிர். ரிலேயின் "என்" முனைக்கு ஒயரை மெயின் சுவிட்சிலிருந்து எடுக்காதீர்கள். டி.பி. போர்டில் எல்லா சர்க்யூட்டும் தொங்கும் நியூட்ரல் லிங்கிலிருந்து எடுங்கள். மெயின் சுவிட்சுக்கும் நியூட்ரல் லிங்குக்கும் நடுவில் எங்காவது விட்டுப்போனால்கூட ரிலே பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சிலிருந்து எடுத்திருந்தால் அந்த இடைவெளியில் நடப்பது ரிலேக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு சின்ன உத்தி. கான்டாக்டர் காயிலின் ஏ2 முனைக்கு வேண்டிய நியூட்ரலைத் தனியாக எடுக்காமல், ரிலேயின் "என்" முனையிலிருந்தே லூப் செய்யுங்கள். ரிலேயின் நியூட்ரல் ஒயர் கழன்றுபோனால் ரிலே குருடாகிவிடும். மூன்று ஃபேஸும் சமமாக இருப்பது போலவே அதற்குத் தோன்றும். லூப் செய்திருந்தால், ஒயர் கழன்ற அந்த நொடியே காயிலுக்கும் நியூட்ரல் போய், கான்டாக்டர் விழுந்துவிடும். வீடு இருட்டாகும், ஏதோ பிரச்சினை என்று நமக்கும் தெரியும்.

காயிலின் ஏ1 முனைக்கு ஒரு ஃபேஸ், ரிலேயின் காமன் (பொது) மற்றும் என்.ஓ. (ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும்) முனை வழியாக வர வேண்டும். என்.சி. (ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும்) முனை இல்லை. இந்த வகை ரிலேக்களில் பெரும்பாலானவை, எல்லாம் சரியாக இருக்கும்போது என்.ஓ.வை மூடிப் பிடித்திருக்கும். கோளாறு வந்தாலும், ரிலேயே செத்தாலும் விட்டுவிடும். ரிலே செத்தால் வீட்டில் கரண்ட் போக வேண்டும் என்பதே நாம் விரும்புவது. என்.சி.யில் இணைத்தால் ரிலே செத்த பிறகும் கரண்ட் வரும், நமக்குத் தெரியாமலே.

படி 4: எண்களை வைப்பது

மேல் எல்லையை 250 என்று வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். நம் ஊர் 11 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள் லோடு இல்லாதபோது 433 வோல்ட் கொடுக்கும்படி செய்யப்பட்டவை. ஒரு ஃபேஸுக்குக் கணக்கிட்டால் சரியாக 250 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வீடு இருந்தால் இரவு 2 மணிக்கு அந்த அளவு வருவது இயல்பு. அதற்கெல்லாம் ட்ரிப் ஆனால் வீட்டில் திட்டு விழும், ரெண்டாம் வாரம் யாராவது ரிலேயை பைபாஸ் செய்துவிடுவார்கள். பைபாஸ் செய்த ரிலேயைவிட 270-ல் இருக்கும் ரிலே எவ்வளவோ மேல். 265 முதல் 270 என்பது என் பரிந்துரை.

நேரம்: அரை விநாடி அல்லது அதற்குக் கீழே. கணினிச் சாமான்களுக்காகப் பல காலமாகப் பயன்படும் ஐ.டி.ஐ.சி. வரைபடம், 120 சதவீத வோல்டேஜை அரை விநாடிவரைதான் அனுமதிக்கிறது. நம் 230-க்கு அது 276 வோல்ட். ஐரோப்பாவின் ஈ.என். 50550 என்ற தரவிதி இன்னும் தெளிவானது: 275 வோல்ட் என்றால் 3 முதல் 15 விநாடிக்குள் துண்டித்தால் போதும், 300 வோல்ட் என்றால் 5 விநாடிக்குள், 350 என்றால் முக்கால் விநாடிக்குள், 400 வந்துவிட்டால் 0.2 விநாடிக்குள். துணைமின் நிலையத்தில் பார்த்த அதே பொறுமையும் அவசரமும்தான். உங்கள் ரிலேயில் ஒரே நேரம்தான் வைக்க முடியும் என்றால் மோசமான நிலைக்கு ஏற்றபடி வையுங்கள்.

லோ வோல்டேஜ் எல்லை 180, நேரம் 5 விநாடி. மோட்டார், ஏ.சி. கம்ப்ரசர் எழும்போது வோல்டேஜ் ஒரு கணம் தொய்யும். அதற்கு ட்ரிப் ஆகக் கூடாது. மேலுக்கும் கீழுக்கும் ஒரே நேரக் குமிழ்தான் இருக்கிறது என்றால் நேரத்தைக் குறைவாகவே வைத்து, கீழ் எல்லையை 165 வரை இறக்குங்கள். ஃபேஸ் வரிசை பார்க்கும் வசதி வீட்டுக்கு அவசியமில்லை. போர்வெல் மோட்டார் அதே லைனில் இருந்தால் ஆன் செய்துவையுங்கள்; முதல் முறை ரிலே எழவில்லை என்றால் ரிலேக்கு வரும் ஒயரை மட்டும் மாற்றிச் சமாளிக்காமல், மெயினில் இரண்டு ஃபேஸை இடம் மாற்றுங்கள்.

இப்போது ஆட்டோ ரீசெட்டா, மேனுவலா? ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் 3 நிமிட இடைவெளி வேண்டும் என்று ஆட்டோ ரீசெட்டில் 3 நிமிடம் வைப்பார்கள். வெறும் ஹை வோல்டேஜ் என்றால் அது போதும். நியூட்ரல் அறுந்திருக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் வீட்டு சர்வீஸ் நியூட்ரல் மட்டும் அறுந்து, ரிலே ட்ரிப் ஆகி, வீட்டு லோடு முழுவதும் விலகிவிட்டது. மிச்சம் இருப்பது ரிலேயின் உள்தடைகள் மட்டும். அவை மூன்றும் சமம் என்பதால் ரிலேக்கு மூன்று ஃபேஸிலும் 230, 230, 230 என்றே தெரியும். சரியாகிவிட்டது என்று நினைத்து 3 நிமிடம் கழித்து கான்டாக்டரை மூடும். மூடியதும் மறுபடி 364 வோல்ட், மறுபடி ட்ரிப். இரவு முழுக்க இப்படியே அடி விழுந்தால் எந்தச் சாமானும் தாங்காது. ஆகவே ஓவர்வோல்டேஜுக்கு மட்டுமாவது மேனுவல் ரீசெட். அந்த வசதி இல்லாத ரிலேயில், சில முறை ட்ரிப் ஆனதும் பூட்டிக்கொள்ளும் வசதியாவது இருக்கட்டும்.

படி 5: சோதனை

நியூட்ரலைக் கழற்றிச் சோதித்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். சோதனைக்கு எளிய வழி உண்டு. மீட்டரில் இப்போது 238 வோல்ட் காட்டுகிறது என்றால், மேல் எல்லைக் குமிழை மெதுவாக அதற்குக் கீழே இறக்குங்கள். ரிலே விளக்கு மாற வேண்டும், கான்டாக்டர் "டக்" என்று விழ வேண்டும், டி1, டி2, டி3-ல் கரண்ட் இருக்கக் கூடாது. குமிழ் அந்த அளவுக்கு இறங்காத ரிலே என்றால், வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிம்மர்ஸ்டாட் வைத்து ஒவ்வொரு ஃபேஸாகச் சோதிக்க வேண்டும். டிம்மர்ஸ்டாட் வழக்கமாக 270 வோல்ட்வரைதான் ஏறும் என்பதால் எல்லையைத் தற்காலிகமாக 255-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பழையபடி ஏற்ற மறக்கக் கூடாது. வைத்த எண்களை போர்டு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நியூட்ரல் லிங்கின் ஸ்க்ரூக்களை வருடம் ஒருமுறை மெயினை ஆஃப் செய்து இறுக்குவது, ரிலேயைவிடப் பழைய வைத்தியம். அலுமினியம் சர்வீஸ் ஒயர் உள்ள வீடுகளில் இது கட்டாயம். அலுமினியம் ஸ்க்ரூவுக்குக் கீழே மெல்ல நசுங்கி லூசாகிவிடும்.

ட்ரிப் ஆனால் என்ன செய்வது

உடனே ரீசெட் பட்டனை அமுக்காதீர்கள். டி.பி.யில் உள்ள எல்லா எம்.சி.பி.யையும் ஆஃப் செய்துவிட்டு, ரிலே என்ன காரணம் காட்டுகிறது என்று பாருங்கள். ஓவர்வோல்டேஜ் என்று காட்டினால், பக்கத்து வீட்டில் விளக்கு ஒரு அறையில் பளிச்சென்றும் இன்னொரு அறையில் மங்கலாகவும் எரிகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தெரு நியூட்ரல் போயிருக்கிறது. அவர்களையும் மெயினை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் "நியூட்ரல் கட்" என்றே புகார் சொல்லுங்கள். "கரண்ட் இல்லை" என்று சொன்னால் லைன்மேன் ஃபியூஸைப் பார்க்கத்தான் வருவார்.

அவர் வரும்வரை எர்த் கம்பியை நியூட்ரலாக மாற்றிப் போட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அப்படிச் செய்தால் ஃபிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று எர்த் செய்த உலோகம் எல்லாவற்றிலும் வோல்டேஜ் ஏறி நிற்கும். ரிலேயும் அதைக் கண்டுபிடிக்காது. இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் ஃபேனும் லைட்டும் அதில் ஓடட்டும். நியூட்ரலைச் சரிசெய்த பிறகு மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு வைத்து அளந்து, ரிலேயை ரீசெட் செய்யுங்கள். முதலில் அயர்ன் பாக்ஸ் போன்ற ஒரு பெரிய லோடை ஒரே ஃபேஸில் போட்டு மற்ற இரண்டு ஃபேஸின் வோல்டேஜைப் பாருங்கள். அவை அசையவில்லை என்றால் மற்ற எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றலாம். பத்து வோல்ட்டுக்கு மேல் எகிறினால் நியூட்ரல் இன்னும் லூசாகத்தான் இருக்கிறது. லைன்மேன் கிளம்புவதற்குள் கூப்பிடுங்கள்.